மீரான் பாயின் நான்கு கடைகள்

போன வெள்ளிக்கிழமை காலை, ராமேஸ்வரம் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பாம்பனிலிருந்து ரயிலில் வந்த மீன் வியாபாரி ஒருவர் நேராகக் கடைக்கு வந்து, "உங்க முதலாளி மௌத்தாயிட்டாருய்யா" என்றார். திறந்த கதவை மறுபடி சாத்தினேன்.

இறந்துபோன மீரான் பாயிடம் சாமான் வாங்காத வீடு இந்தக் கரையில் குறைவு. நாற்பத்தேழில் மண்டபத்தில் ஒரு மளிகைக் கடையோடு தொடங்கி, பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று ரயில் போன வழியே கடை போட்டார். நான்கிலும் ஒரே விலை. வாசலில் நின்று கேட்டு வாங்குவதே வழக்கமாக இருந்த காலத்தில், ஆட்களை உள்ளே விட்டு, அவர்கள் கையாலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார். "அரிசி சிந்துமே, முதலாளி" என்றேன்.

"சிந்துனா கூட்டிக்கலாம். சந்தேகத்தோட வீட்டுக்குப் போனவுக திரும்ப வரமாட்டாக."

தனுஷ்கோடிக் கடை என் பொறுப்பில் இருந்தது. அறுபத்துநான்கு டிசம்பரில் ஊரிலிருந்து தந்தி, மனைவிக்குத் தலைப்பிரசவம். பண்டிகை வியாபார நேரம் என்பதால் லீவு கேட்கத் தயங்கினேன். "கடை எங்கயும் ஓடிராது, நீ கெளம்பு. ஜமால் பாத்துக்கிருவான்" என்றார். ஜமால் அவருடைய ஒரே தம்பி. "சரி காக்கா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே என்னிடமிருந்து சாவியை வாங்கினான்.

மூன்றாம் நாள் புயல். கடையும் இல்லை, ஜமாலும் இல்லை.

செய்தி கேட்டு மண்டபத்துக்கு ஓடிவந்தேன். பாலம் உடைந்து கிடந்தது. படகுக்குக் காத்திருந்த கூட்டத்தில் மீரான் பாய் நின்றார். அவர் கண்ணில் படாமல் திரும்பிவிட நினைத்தேன். பார்த்துவிட்டார்.

"புள்ள பொறந்துருச்சா?"

"பொட்டப்புள்ள, முதலாளி."

"தாயி நல்லாருக்கா?"

தலையாட்டினேன். படகில் ஏறிப் போய்விட்டார். தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ராமேஸ்வரம் கடையைத் திறந்து, உயிர்தப்பி வந்தவர்களிடம், "உள்ள வாங்க, வேணுங்கறத எடுத்துக்கிருங்க" என்றாராம்.

அதன்பிறகு அவர் புதிதாகக் கடை போடவில்லை. அன்று நீ இருந்திருக்க வேண்டிய இடம் அது என்று ஒருமுறையாவது சொல்வார் என வருஷக்கணக்கில் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சரக்கு பிரிக்கும்போது மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்கு வாயெடுப்பார். நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார். நான் மூட்டைகளைப் பார்ப்பேன்.

போன மாதம், காய்ச்சலில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜமாலு, தண்ணி உள்ள வந்தப்ப ரொம்பப் பயந்துட்டியாடா?"

நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை. முதலாளி என்று மட்டுமே அழைத்துவந்தவரை, அன்று தம்பி அழைப்பதுபோல அழைத்தேன்.

"இல்ல காக்கா. பயப்படல."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த "அப்பச் சரி" மட்டும்தான். என் பொய்யை நம்பித்தான் அவர் போனார். ஜமால் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று நினைக்காமலிருக்க இன்னும் எனக்குப் பழகவில்லை.