குஞ்சு வராத பாடம்

ஏழாம் வகுப்பில் எனக்கு அறிவியல் டீச்சர் என் அம்மாதான். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. அம்மா நாமக்கல்லுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும், முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் வீடியோவை அப்பாவின் போனில் நான்கு முறை போட்டுப் பார்த்து நோட்டில் என்னவோ குறித்தாள். ஒரு வீடியோவைப் புரிந்துகொள்ள நான்கு முறையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் அதைப் போட்டாள். திரை முழுக்க ஒற்றை முட்டை. உள்ளே ஏதோ அசைந்தது. ஓட்டில் மெல்ல விரிசல் விழுந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா நிறுத்திவிட்டாள்.

"நாம கடையில வாங்கற முட்டைய அடை வெச்சா குஞ்சு வருமா?"

வரும் வரும் என்று கத்தினோம், சீக்கிரம் மிச்சத்தைப் போடட்டும் என்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் கோழிப் பண்ணையில் வேலை செய்தார்கள். அதுவரை வகுப்பில் அவள் குரலையே நாங்கள் கேட்டதில்லை.

"வராதுங்க டீச்சர்."

"ஏஞ்சாமி?"

"எங்க பண்ணையில சேவலே இல்லீங்களே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அவளை முன்னால் வரவழைத்தாள். சேவல் இல்லாமல் கோழி எப்படி முட்டையிடும் என்று ஒருவன் கேட்டான். அப்படியானால் அந்த முட்டைக்குள் இருப்பது என்ன என்று இன்னொருத்தி. பண்ணைக்காரப் பெண் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல, அம்மா மீதியைச் சொல்ல, மணியடித்துவிட்டது. குஞ்சு ஓட்டுக்குள்ளேயே கிடந்தது.

"உங்கம்மாளுக்கு அத ஓட்டவே தெரியலடி" என்றார்கள் பையன்கள். என்ன அநியாயம்! படம் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்ப் பாதியில் எழுப்பிவிடுவதா? ஆத்திரம் தாங்காமல் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"எங்கம்மாளுக்கு அது தெரியலீங்க சார். ஊட்டுல நாலு வாட்டி பாத்தாங்க. அப்பவும் பாதியில நிறுத்திப்புட்டாங்க."

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் போர்டு கணக்கு சார் பொறுப்புக்குப் போனது. அவர் வீடியோவைத் தொடங்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குஞ்சு ஈரத்தோடு வெளியே வந்து தள்ளாடியது. முதலில் கைதட்டியது நான்தான்.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்:

"குஞ்சு வந்துச்சா சாமி?"

"முழுசா வந்துச்சு."

"பொறவு பசங்க என்ன கேட்டாங்க?"

"யாருமே ஒண்ணும் கேக்கல" என்றேன், சாருக்குப் பரிந்து பேசுகிற பெருமையோடு. "அவ்வளவு நல்லாப் போட்டாரு."

அம்மாவின் கை தண்ணீரிலேயே நின்றது. தப்புச் செய்தது அவள். என்மேல் எதற்கு வருத்தம் என்று எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.