கோட்டை பார்க்கப் போன ஆடி அமாவாசை

அந்தப் பட்டணத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கோபம்தான், வேறு காரணம் ஒன்றுமில்லை. இலங்கையின் வடமேற்குக் கடலோரத்தில், பறங்கியர் கட்டி ஒல்லாந்தர் பிடுங்கிக்கொண்ட பழைய கோட்டை ஒன்று இருக்கும் ஊர் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். மாமனார் முந்தின மழைக்காலத்தில் செத்துப்போய்த் தேயிலைக்குள்ளே புதைக்கப்பட்டிருந்தார். அப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக வேண்டும் என்று யாரோ சொல்ல, இவருக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. மலையில் பிறந்த மனிதர். கடலைக் கண்ணால் கண்டதே இல்லை. நானும்தான்.

ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளிக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவருக்கு, அந்தப் பட்டணம்தான் சொந்த ஊர். நாங்கள் அரிசி வாங்கப் போனால் அவர் கோட்டையைப் பற்றித்தான் பேசுவார். ஆள் உயரக் கற்கள், சுற்றிலும் அகழி, தெருவெல்லாம் கழுதைகள் என்று ஆசை காட்டுவார்.

“ஒங்க வாப்பா கப்பல்ல வந்து எறங்கினதும் அந்தக் கரப் பக்கம்தானே. போய் முழுகிட்டு வாங்க. என் தம்பி கடைக்குப் பின்னால தங்கிக்கலாம்,” என்றார் நானா.

கங்காணியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அடுத்து நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளை பேச ஆரம்பித்ததும் ஊர் சொல்லப் பழக்குவார்கள். தோட்டத்தை நாங்கள் ஊர் என்று சொல்வதில்லை, அது பிழைக்க வந்த இடம். பாட்டனோ அப்பனோ கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த கிராமம்தான் ஊர். ஜில்லா, தாலுகா, கிராமம், குலசாமி என்று வரிசை தப்பாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்கத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பா கேட்ட முதல் கேள்வியே அதுதான். இவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா, வேலம்பட்டி. ஊருக்கு மேக்க ஏரி, ஏரிக்கரையில கருப்பண்ணசாமி,” என்றார். அப்பாவுக்குப் பரம திருப்தி. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமான பிறகு சீண்டுவேன்.

“போயிட்டு வந்த மாதிரி சொல்றீங்களே, அந்த ஏரியில தண்ணி இருக்கா?”

“எங்கப்பா விட்டுட்டு வந்தப்ப இருந்துச்சு புள்ள,” என்பார்.

மழையில் ரயிலேறினவர்கள், வண்டி மாறி மாறி வெயிலில் போய் இறங்கினோம். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் நடந்த எங்களைக் கழுதைகள்கூட நின்று பார்த்தன. பட்டணம் முழுக்கக் கருவாட்டு வாடை. நானாவின் தம்பி நல்ல மனிதர், சாப்பாடு போட்டு, கோட்டை வரைக்கும் கூட வந்தார். கல்லெல்லாம் கறுத்துப்போய், வாசலில் யாருக்கும் புரியாத எழுத்து. உள்ளே புல் முளைத்த முற்றமும் கூரையில்லாத ஒரு கோயிலும். பெரிய ராஜாக்கள் சண்டை போட்ட இடம் என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். மதிலில் ஏறி நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார்.

“ஊரு தெரியுதா?” என்றேன்.

“தண்ணிதான் தெரியுது,” என்றார். உண்மையாகவே ஏமாந்துபோயிருந்தார், பாவம்.

அமாவாசைக் காலையில் கரைக்குப் போனோம். உள்ளூர்ச் சனங்கள் கோயில் தீர்த்தத்துக்குப் போய்விட்டார்கள், அந்தக் கரையில் நாங்கள் இரண்டே பேர். கட்டிய துணியோடு இறங்கினோம். அலை அடித்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், அவர் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமி இருமிச் சிரித்தார். அப்பா பெயரைச் சொல்லி மூன்று முறை முழுகினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை.

சொட்டச் சொட்டக் கரையேறி, மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள் என்று அந்தக் கரையெல்லாம் அப்போது வேட்டை. எங்களுக்கு அது எங்கே தெரியும்? நனைந்த துணி, ஒரு மூட்டை, ஆளில்லாத கரை. நானே பொலிஸாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

“நீ எந்த ஊர் ஆள்?” என்று ஒருவன் அதட்டினான்.

பயத்தில் மனிதனுக்குச் சின்ன வயதில் படித்ததுதான் வாயில் வரும். இவர் ஈரத் துணியோடு கையைக் கட்டிக்கொண்டு, என் அப்பா முன்னால் நின்ற மாதிரியே நின்று, “திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா, வேலம்பட்டி,” என்று ஒப்பித்தார். ஏரியையும் கருப்பண்ணசாமியையும்கூட விடவில்லை.

நான் அலறினேன். “இல்லீங்க ஐயா, நாங்க வட்டகொட தோட்டத்து ஆளுங்க. இவரு இங்கதான் பொறந்தாரு. கோட்ட பாக்க வந்தோங்க!”

யார் காதில் விழுந்தது? ரயில் டிக்கெட்டை ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள், அரிசிக் கூப்பன் லயத்துப் பெட்டியில் இருந்தது. நாங்கள் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் என்று சட்டம் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதனால் காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. பொலிஸ் ஸ்டேஷனில் பெரிய அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

“நீ தோட்டத்துக்காரி, அது சரி. தோணியில வந்த புருஷனைக் கூட்டிப்போக வந்திருக்கிறாய். அவன் தன்ர வாயாலயே சொல்லிப்போட்டான்.”

நானாவின் தம்பி வந்து எங்களுக்காகப் பேசினார். கள்ளத்தோணிக்காரனை ஒளித்துவைத்த குற்றத்துக்கு உன்னையும் உள்ளே போடவா என்று கேட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர், வாயை மூடிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கம்பிக்குள் இருந்து இவர் என்னிடம் பேசினார். “தொரகிட்ட சொல்லு புள்ள. தொர ஒரு காயிதம் குடுத்தா விட்டுருவாங்க. சீக்கிரம் போ.” வேட்டி உடம்பிலேயே காய்ந்து, உப்புப் பூத்திருந்தது.

தனியாக ரயிலேறி வந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் தோட்டத்துத் துரை காலில் விழுந்தேன். துரைக்குத் தமிழ் தெரியும், ஆனால் கிளாக்கர் வாயால்தான் பேசினார். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவனுக்குக் காகிதம் கிடையாதாம். இருபது வருஷமாக அந்த மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் எங்கே பிறந்தான் என்று துரைக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே செய்தார். கங்காணி, சங்கத் தலைவர், கோயில் பூசாரி என்று ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சி, கடைசியில் துரை இரண்டு வரி எழுதிக் கொடுத்தபோது ஆவணி பாதி போய்விட்டது.

கடையைப் பூட்டிவிட்டு நானாவே அதை எடுத்துக்கொண்டு போனார். இவரை வைத்திருந்த முகாமைத் தேடிப் பிடித்து, வாசலில் காத்துக் கிடந்து, திரும்பி வந்தார். என்னைக் கடைக்குள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது.

“கப்பல் ஏத்திட்டாங்க தங்கச்சி. போன கெழமயே. நான்தான் ஒங்களப் போகச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.”

முதலாளி, பெரிய மனிதர், அரிசி மூட்டையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. அப்பன் வந்து இறங்கிய கரையிலிருந்து மகனை அனுப்பிவிட்டார்கள், அப்பன் விட்டுவந்த ஊருக்கே. பொலிஸ்காரர்கள் நினைப்பில் அது சொந்த ஊர்தானே.

நான் போகலாம் என்றால், போவதற்குக் காகிதம் வேண்டும். இந்த நாடும் தராது, அந்த நாடும் தராது. அவர் வரலாம் என்றால் நிஜமாகவே கள்ளத்தோணி ஏற வேண்டும். ஏறட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து, பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் முறையாக இந்தியா போய்வந்தார். தேடிப் போய் இவரைப் பார்த்தாராம். வேலம்பட்டியில் யாருக்கும் மாமனாரின் பெயர்கூட ஞாபகமில்லை. யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டு, கூலிக்கு வேலிமுள் வெட்டுகிறாராம். ‘சிலோன்காரன்’ என்றால்தான் தெரியுமாம்.

“ஏரி இருக்குங்களா?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஏரி கெழக்க இருக்கும்மா. தண்ணி கெடையாது,” என்றார்.

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து அவர் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் இவரை நிறுத்தி, நீ எந்த ஊர்க்காரன் என்று வேடிக்கைக்குக் கேட்பார்களாம். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “வட்டகொட, மேப்பிரிவு, நாலாம் நம்பர் லயம், கடசிக் காம்பரா,” என்று வரிசை தப்பாமல் சொல்வாராம். அவர்கள் சிரிப்பார்களாம். “எம் பொஞ்சாதி அங்கதான் இருக்கா,” என்பாராம்.

கணக்கப்பிள்ளையிடம் நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இவர் கப்பலேறிய மறுமாதமே, ஆம்பிளை இல்லாத காம்பரா என்று துரை அந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.