கட்டிலில் படுத்து நடத்திய வகுப்பு

திருப்பதியில் ஒரு நர்சிங் கல்லூரியில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையில் நகரிப் பக்கம். அம்மா இருந்தவரை வீட்டில் தமிழ் இருந்தது. அவர் போன பிறகு கல்லூரியில் இங்கிலீஷும் தெலுங்கும், வீட்டில் டிவி சத்தமும்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை பால் வாங்கப் போகும்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறக்கிறேன் என்பதே உறைக்கும்.

செமஸ்டர் முடிவில் மாணவிகள் எங்களைப் பற்றிச் செல்போனிலேயே கருத்துச் சொல்வார்கள். யார் எழுதியது என்று தெரியாது. போன வருடம் எனக்கு வந்தவற்றில் பெரும்பாலும் "குட்", "ஓகே" என்றே இருந்தது. ஒருத்தி மட்டும், "மேடம் எங்களிடம் பேசுவதில்லை, போர்டிடம் பேசுகிறார்" என்று எழுதியிருந்தாள்.

துறைத் தலைவியிடம் காட்டினேன். ஒருத்தி எழுதியதற்கெல்லாம் மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார். எனக்கு அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. இரண்டாம் வருட வகுப்பில் நேரடியாகவே கேட்டேன். என் பாடத்தில் என்ன மாற்ற வேண்டும், சொல்லுங்கள் என்று. எல்லோரும் டெஸ்கைப் பார்த்தார்கள்.

"நான் வெளியில் நிற்கிறேன். நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் வந்து சொன்னால் போதும். யார் என்ன சொன்னீர்கள் என்று கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். கதவு சாத்தியதும் முதலில் சத்தமே இல்லை. பிறகு முணுமுணுப்பு. பிறகு ஒரே பேச்சு, நடுவில் சிரிப்பு. நான் உள்ளே இருக்கும்போது அந்த வகுப்பு ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே நிற்பதற்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

வெளியே வந்தவள் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிச்சாட்டூர்க்காரி. என்னோடு தமிழில் பேசுவாள் என்று அவளை அனுப்பியிருந்தார்கள்.

"நா சொல்றதா நெனச்சிக்காதீங்க மேடம். எல்லாரும் சொன்னதுதான்."

"சொல்லும்மா."

"பாடம் நடத்திட்டு அர்த்தமைந்தா, புரிஞ்சிச்சான்னு கேக்கறீங்க. நாங்க வாயத் தொறக்கறதுக்குள்ள போர்டு பக்கம் திரும்பிக்கினு அடுத்தத ஆரம்பிச்சிடறீங்க."

அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே தொடர்ந்தாள். "இன்னொண்ணு மேடம். லேப்ல டம்மி பொம்மைக்கு எல்லாம் செய்றோம். வார்டுக்குப் போனா பேஷண்ட்கிட்ட மொத வார்த்தையே வர மாட்டேங்குது. டம்மி பேசாதில்ல."

அடுத்த வாரம் லேபில் பொம்மையைக் கட்டிலிலிருந்து இறக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நான் படுத்தேன். புத்தூரிலிருந்து பி.பி. அதிகமாகி வந்த அம்மா நான், கணவர் உண்டு, இரண்டு பிள்ளைகள், தெலுங்கு சரியாக வராது என்று கதையை முன்பே மனதில் தயார் செய்திருந்தேன்.

நர்ஸாக என்னிடம் பேச முதலில் வந்த இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பிச்சாட்டூர்ப் பெண் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அவள் விரல்கள் சூடாக இருந்தன. யாரும் என் கையைப் பிடித்து வெகுநாளாயிற்று.

"சாப்டீங்களாம்மா?"

"சாப்டேன்."

"வூட்ல கூட யாரு இருக்காங்க?"

கணவர், பிள்ளைகள் என்றுதான் சொல்ல வேண்டும். "யாரும் இல்ல" என்றேன்.

"அப்ப திடீர்னு தல சுத்திச்சின்னா யாரக் கூப்புடுவீங்க?"

மேலே டியூப்லைட் தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன். தம்பி சென்னையில். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் ஊரின் இன்னொரு கோடியில். அவள் அவசரப்படவில்லை. கையை விடாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "தெரிலம்மா" என்றேன்.

நான் எழுந்ததும் வகுப்பு கைதட்டியது. மேடம் நன்றாக நடிக்கிறார் என்று யாரோ தெலுங்கில் சொன்னார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. என் செருப்பைக் காலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

அன்று மாலை கீழ் வீட்டு அம்மாவிடம் போன் நம்பர் கேட்டேன். அந்தக் கட்டடத்திற்கு வந்து மூன்று வருடம் ஆகியும் அவரிடம் கேட்டதில்லை. ஏதாவது தொந்தரவா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்றேன். இதுவரை ஒரு முறையும் கூப்பிடவில்லை. ஆனாலும் நம்பர் இருக்கிறது.

வகுப்பில் இப்போது கேள்வி கேட்டால் போர்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளி எனக்கு இன்னும் பழகவில்லை. லேபில் மாற்றி மாற்றி எல்லோரும் நோயாளியாகப் படுக்கிறார்கள். வார்டில் நோயாளிகளிடம் இப்போது கொஞ்சம் வாய் திறந்து பேசுகிறார்கள்.

இந்த செமஸ்டர் கருத்துகளில், பேச இடம் கொடுக்கிறார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். வகுப்பு மெதுவாகப் போகிறது, பாடம் முடியவில்லை என்று வேறு சிலர். அதுவும் உண்மைதான். அதனால் சனிக்கிழமை மதியம் கூடுதல் வகுப்பு வைத்திருக்கிறேன். லீவு நாளில் எதற்கு இந்தச் சிரமம் என்று துறைத் தலைவி கேட்டார். சிலபஸ் முடிக்க வேண்டுமே என்றேன். சனிக்கிழமை மதியம் வீட்டில் எவ்வளவு நீளம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.