பதின்மூன்று பேருக்கு ஒரு சந்தா

பேப்பர் அக்கா என்று ஊரே கூப்பிடும் அவளுக்கு வயது நாற்பத்தாறு. பதினோரு வருடமாக நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்றை வீட்டு முன்னறையிலிருந்து நடத்துகிறாள். நிருபர், ஆசிரியர், பிழை திருத்துபவர், கட்டு சுமப்பவர் எல்லாம் அவளே. திட்டு வாங்குகிறவளும் அவளே என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடிநீர்த் தொட்டி விரிசல் விட்டதைப் படத்தோடு போட்டாள். அந்த மாதமே அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் கடைகடையாக ஏறி இறங்கி அவளுக்கு வந்துகொண்டிருந்த விளம்பரங்களை நிறுத்திவிட்டார். இனி வாசகர்கள் சந்தா கட்டினால்தான் பத்திரிகை. மாதக் கடைசிக்குள் நூறு பேர் சேராவிட்டால் அச்சகம் கையை விரித்துவிடும். அப்புறம் அவள் அக்கா வீட்டுக்காரரின் ஜவுளிக் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். முதல் பக்கத்தில் கட்டம் கட்டிக் கேட்டாள். பதினோரு பேர் பணம் கட்டினார்கள். மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். எழுத்தைப் பெரிதாக்கு, கலரில் போடு, சமையல் குறிப்பு போடு. யோசனைக்கு மட்டும் ஊரில் பஞ்சமே இல்லை.

இதில் அவள் வயிற்றெரிச்சலை அதிகம் கொட்டிக்கொண்டது சலூன். சலூன்காரர் பாவம், ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவர். அவர் கடைக்குப் போகும் அந்த ஒரே பிரதியைத்தான் தெருவே படித்துக் கிழிக்கும். அதில் முதல் ஆள் அவளுடைய சொந்தச் சித்தப்பா. தலை முழுக்க வழுக்கை. அந்தக் கடையில் அவருக்கு வேறென்ன வேலை?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு வாரம் நான்காம் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டாள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று போடும் பக்கம் அது. காலை ஆறு மணியிலிருந்து போன் ஓயவில்லை. மதியம் சித்தப்பாவே நேரில் வந்துவிட்டார்.

"என்னம்மா, தண்ணி டைமைக் காணோம்? உங்க சித்தி வாளியை வச்சுக்கிட்டு என் உயிரை எடுக்கறா."

"வெளியில அலையறதுக்குக் காசு இல்ல சித்தப்பா."

"இதுக்கென்ன காசு? தண்ணி ஆபீஸ்ல அனுப்பறதை அப்படியே போட வேண்டியதுதானே?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு அனுப்பறா? ஆபீஸ் போர்டுல போன வருஷத்து டைம்தான் தொங்குது. வாராவாரம் ரெண்டு பஸ் மாறிப் போய், வால்வு திறக்கறவர் பக்கத்துல உக்காந்து, தெருத் தெருவா கேட்டு எழுதிட்டு வர்றேன். வானத்துல இருந்து விழுதுன்னா நினைச்சீங்க?"

சித்தப்பாவுக்கு நிஜமாகவே தெரியாது. பதினோரு வருடம் எழுத்து விடாமல் படித்த மனிதருக்குத் தெரியாது! அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சலூன்காரரை அழைத்துக்கொண்டு அவர் கடையில் பேப்பர் படிக்கும் பதின்மூன்று பேர் திரண்டு வந்தார்கள். சித்தப்பா பெருமையோடு ஒரு கவரை நீட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து போட்டிருக்கோம். பிடி, ஒரு வருஷச் சந்தா."

"எத்தனை சந்தா?"

"ஒண்ணுதான். கடையில வச்சு எல்லாரும் படிச்சுக்குவோம்."

அவள் கவரை வாங்கி, அப்படியே அவர் சட்டைப் பையில் திருப்பிச் செருகினாள். "வீட்டுல தண்ணி வந்தா, பதிமூணு பேரும் சேர்ந்து ஒரு வாளிதான் பிடிக்கறீங்களா சித்தப்பா?"

பின்னால் நின்ற சலூன்காரர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, என் பேப்பரை இனிமே கடைக்கு அனுப்பாதீங்க. வீட்டுக்கே அனுப்பிடுங்க."

பதின்மூன்று பேரும் அவரைத் திரும்பி முறைத்தார்கள்.

"யோவ், அப்ப நாங்க எதைப் படிக்கிறது?" என்றார் சித்தப்பா.

அவள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, சித்தப்பாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.