பராக்கில் வந்த பதில்

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, என்னால் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும். வேண்டுமென்று அல்ல, அவசரத்தில். ஆண்டவர் குறுக்கே வந்து தடுத்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கும் பங்கு மக்கள் இதைப் படித்தபின் கொஞ்சம் குறைத்து நினைத்தாலும் பரவாயில்லை.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு ஆபரேட்டர். எங்கள் குடும்பத்தில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள் நான்தான். நீட் எழுதியபோது எனக்காக நவநாள் வேண்டிக்கொண்டவர்கள் உங்களில் பலர் உண்டு. இப்போது படிப்பின் கடைசி வருடம். பரீட்சை எல்லாம் முடிந்து, ஹவுஸ் சர்ஜனாக ஆஸ்பத்திரியில் வேலை பழகும் காலம். சிதம்பரத்தில் ஹாஸ்டல் வாசம். தெருவில் எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. வார்டில் நான் கடைக்குட்டி. ரத்தம் எடு, ரிப்போர்ட் வாங்கி வா, ஸ்கேனுக்குச் சீட்டு எழுது என்று யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும்.

தினமும் வார்டுக்குள் நுழையும்போது ஒரு வரி ஜெபம் சொல்வேன். "ஆண்டவரே, இன்னைக்கு என் கையால யாருக்கும் கெடுதல் வரக் கூடாது." அவ்வளவுதான். அதற்குமேல் நீளமாக ஜெபிக்க எனக்கு வராது. எனக்குள்ள பெரிய குறையே பராக்குதான். ஜெபமாலையைக் கையில் எடுத்து நாலு மணி உருட்டுவதற்குள் மனம் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடும். ஒவ்வொரு முறை பாவசங்கீர்த்தனத்திலும் "ஜெபத்தில் பராக்காய் இருந்தேன் சாமி" என்று ஒப்பிப்பேன். எங்கள் பங்குச் சாமியாரே ஒருமுறை, "அது தெரியும்மா, அடுத்ததைச் சொல்லு" என்று சிரித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் வார்டில் இரண்டு பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆறாம் படுக்கையில் சுகுணா. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமம், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. ரத்தம் குறைந்து, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும் நிலையில் முதல் நாள்தான் சேர்ந்திருந்தாள். பதினான்காம் படுக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பூக்காரம்மா. இருவருக்கும் அதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியிலும் ரத்த குரூப் பார்த்த சீட்டு இல்லை. நான் சின்னக் குழாயில் எடுத்து அனுப்பும் ரத்தத்தைச் சோதித்துத்தான் ப்ளட் பேங்கில் அவரவருக்கான பையைக் கொடுப்பார்கள். குழாயில் பெயர் மாறினால் பையும் மாறும். சேராத ரத்தம் உள்ளே போனால் சில நிமிடத்தில் ஆளே போய்விடலாம்.

அதனால்தான் ரத்தம் எடுத்ததும் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றே குழாயில் பெயரை எழுத வேண்டும் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைச் செய்யவில்லை. எனக்கு நானே ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். பத்தாம் படுக்கை வரைக்கும் உள்ள குழாய்கள் கோட்டின் இடது பாக்கெட்டில், மற்றவை வலது பாக்கெட்டில். எல்லாம் முடிந்தபின் மேஜையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவேன். நேரம் மிச்சம். எட்டு மாதமாக ஒரு தப்பும் நடந்ததில்லை என்பதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அன்று இடது பாக்கெட்டில் தையல் விட்டிருந்தது. இரண்டு குழாயையும் வலதிலேயே போட்டுக்கொண்டேன். மேஜையில் உட்காரும்போதே வார்டுக்குப் பொறுப்பான பெரிய மேடம் ரவுண்ட்ஸுக்கு வந்துவிட்டார்கள். அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு ஓடினேன். அதோடு மறந்தும் போனேன்.

மத்தியானம் டியூட்டி முடிந்தது. சாயங்காலம் எங்கள் பங்குக் கோயிலில் சிலுவைப் பாதை. அப்பா கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு பைக்கில் வருவதாகச் சொல்லியிருந்தார். சிதம்பரத்தில் பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஜெபமாலையின் துயர மறை உண்மைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவதான இயேசுவின் முள்முடிக்கு வந்தபோது வழக்கம்போலப் பராக்கு. பூக்காரம்மாவின் கை ஞாபகம் வந்தது. நரம்பே பிடிபடாமல் இரண்டு தடவை குத்தியிருந்தேன். "பரவால்ல பாப்பா, இந்தக் கையில பாரு" என்று அவரே மறு கையை நீட்டினார். அப்படியும் பாதிக் குழாய்தான் நிறைந்தது.

'முள்முடியைத் தியானிக்கச் சொன்னால் நீ எங்கே போகிறாய்?' என்று என்னையே திட்டிக்கொண்டு ஜெபத்துக்குத் திரும்பினேன். மறுபடி அதே பாதிக் குழாய். மறுபடி திட்டினேன். மூன்றாவது முறை அந்தக் குழாய் இன்னும் தெளிவாகக் கண்ணில் நின்றது. அதன்மேல் என் கையெழுத்து இருந்தது. சுகுணா, ஆறு என்று எழுதியிருந்தது.

பாதிக் குழாய் பூக்காரம்மாவுடையது. அதில் சுகுணாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 'சரியாகத்தான் எழுதியிருப்பாய், இது வெறும் பயம்' என்று மனம் சமாதானம் சொன்னது. வெளியே தெரிந்தால் மேடம் எல்லோர் முன்னாலும் கிழித்துவிடுவார்கள். டாக்டர் பட்டமே கைக்கு வராமல் போகுமோ என்றுகூட நினைத்தேன். இப்படியே இரண்டு நிறுத்தம் போயின. சுகுணாவின் உயிரைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு வார்டில் எனக்கு மேலே இருக்கும், மேற்படிப்புப் படிக்கிற பி.ஜி. அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. வார்டு சிஸ்டர் ஒருவரின் நம்பரைக்கூட நான் வாங்கி வைத்ததில்லை. ப்ளட் பேங்க் நம்பர் எந்த நோட்டில் இருக்கிறதென்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார்.

"எங்கம்மா வந்துக்கினு இருக்க?"

"புதுச்சத்திரம்ப்பா. அப்பா, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேனோன்னு இருக்கு." அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "நிச்சயமாத் தெரியலப்பா. ஒரு சந்தேகம்தான்."

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சந்தேகம்னா கம்பெனியில நாங்க மொதல்ல வால்வை மூடிடுவோம். பேச்செல்லாம் அப்புறம்தான். எறங்கு மொதல்ல."

இறங்கினேன். எதிர்ப்பக்கம் நின்றேன். திரும்பிப் போகும் பஸ் வர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, எனக்கு ஒரு யுகமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் ரத்தம் ஏற்றிவிட வேண்டும் என்று காலையில் மேடம் சொன்னது காதிலேயே இருந்தது. பஸ்ஸில் ஜெபமாலை கையில்தான் இருந்தது, ஆனால் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. "ஏறக் கூடாது ஆண்டவரே, அவளுக்கு அது ஏறக் கூடாது" என்று மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஒருமுறைதான் வாழ்க்கையில் நான் பராக்கே இல்லாமல் ஜெபித்தது.

வார்டுக்குள் ஓடினேன். ஆறாம் படுக்கைக்கு மேலே ஸ்டாண்டில் ரத்தப் பை தொங்கியது. சுகுணா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன டாக்டர், ஊருக்குப் போவலையா?" என்று சிஸ்டர் வந்தார். "வந்ததும் நல்லதாப் போச்சு. பையை மாட்டிட்டுத் தொறக்கலாம்னு பாத்தா, இவ கையில ஊசி லைன் நரம்ப விட்டு வெளிய போய் வீங்கிக் கெடக்கு. புதுசா போடணும்னு பி.ஜி. மேடத்தைக் கூப்ட்டு அரை மணி நேரம் ஆவுது. அவுங்க ஐ.சி.யூ.ல மாட்டிக்கிட்டாங்க. நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்க."

காலையில் அந்த லைனைப் போட்டதே நான்தான். சரியாக நிற்காமல் நழுவிப்போகும்படி அவ்வளவு லட்சணமாகப் போட்டிருக்கிறேன். ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

"சிஸ்டர், பையை எறக்குங்க. அது இவங்களுக்கு இல்ல. குழாய நான் மாத்தி எழுதிட்டேன்."

எட்டு மாதத்தில் இத்தனை சத்தமாக நான் பேசியதில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. பூக்காரம்மாவுக்கு இன்னும் பையே வந்திருக்கவில்லை. பி.ஜி. அக்கா ஓடி வந்தார். அவர் பக்கத்தில் நிற்க, இருவருக்கும் புதிதாக ரத்தம் எடுத்தேன். படுக்கை அருகிலேயே பெயரைக் கேட்டு எழுதினேன். அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தார். முடிவு வந்தது. சுகுணாவுக்கு ஓ குரூப். தொங்கிய பை பி குரூப். அக்கா அந்தச் சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே இருவருக்கும் சரியான ரத்தம் ஏறியது. மறுநாள் மேடம் என்னைத் திட்டியதை இங்கே எழுத மாட்டேன். என் பயிற்சிக் காலத்தில் பதினைந்து நாள் கூட்டினார்கள். அது நியாயம்தான். கடைசியாக, "அந்தப் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்கள். போய்ச் சொன்னேன். "என்னம்மா, வெளையாட்டா ஒங்களுக்கு? ரெண்டு புள்ளைங்க இருக்கு எங்களுக்கு" என்று சுகுணாவின் கணவர் கத்தினார். தலை குனிந்து நின்றேன். சுகுணா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது.

அன்றிலிருந்து என் குறுக்குவழிகளை எல்லாம் விட்டுவிட்டேன். எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் படுக்கையருகில் நின்று, பெயரைக் கேட்டு, எழுதிவிட்டுத்தான் நகர்கிறேன். ஜெபத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பராக்கு வந்தால் முன்போல உடனே விரட்டுவதில்லை. 'என்ன ஆண்டவரே, இதையா சொல்ல வருகிறீர்?' என்று ஒருமுறை கேட்கிறேன். பெரும்பாலும் அது கேன்டீன் டீயாகத்தான் இருக்கும். ஆனால் அன்று அது அவருடைய குரல். தினமும் காலையில் நான் கேட்ட ஒற்றை வரிக்கு, நான் திட்டித் துரத்திய பராக்கிலேயே அவர் பதில் வைத்திருந்தார்.

ஜெபிக்கத் தெரியவில்லை, மனம் நிற்கவில்லை என்று சோர்ந்திருப்பவர்களே, ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். அலையும் மனத்தோடேயே அவர் முன் போய் உட்காருங்கள். தப்பு செய்துவிட்டு மறைக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தால் இறங்கிவிடுங்கள், திரும்பிப் போங்கள். வெட்கம் நம் பங்கு. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சுகுணாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் முகத்தில் விழிக்கப் பயந்து, கூட வேலை பார்க்கும் தோழியை அனுப்பினேன். தோழி வெறும் சிரிஞ்சோடு திரும்பி வந்தாள்.

"கை குடுக்க மாட்டேங்குறாங்கடி. ஒன்னத்தான் வரச் சொல்றாங்க."

போனேன். சுகுணா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை. கையை நீட்டினாள்.

"நீங்களே எடுங்க. இங்க இருக்கிறவங்கள்லயே நீங்கதான் இனிமே மாத்த மாட்டீங்க."

எடுத்தேன். பெயரைக் கேட்டேன். சொன்னாள். அங்கேயே நின்று குழாயில் எழுதி அவளிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி, மெதுவாக, முழுவதும் படித்தாள்.

"நாந்தான்" என்றாள்.