அடிப்பக்கத்து வெனீர்

வேர்க்கடலைத் தோலை அரைத்துப் பசை கலந்து சூட்டில் அழுத்தினால் கெட்டிப் பலகையாகிவிடும். அதைச் செய்து விற்கிறவன் நெஞ்சு மட்டும் தூளாகவே இருக்கும். தான் விற்ற பொருளைத் தானே முழுசாக நம்ப முடியாமல் தவிக்கும் சக வியாபாரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி

ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் என் பட்டறை. சத்துவாச்சாரியில் புது வீடு கட்டிய ஒரு ரிடையர்டு டீச்சர் அலமாரிக்குப் பலகை பார்க்க வந்தார். தட்டினார், முகர்ந்தார். கடலைத் தோல் என்றதும் கையை எடுத்துவிட்டார். "நல்ல சூட்டில் அழுத்தினதும்மா, பூச்சி, எலி எதுவும் வராது" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"அழுத்தினதுன்னு எலிக்குத் தெரியுமா சார்?"

இரண்டு கல்

வெறும் பலகையை இரண்டு செங்கல்மேல் வைத்து நான் ஏறி நின்றால் நடுவில் விண்டுவிடும். அதன் இரண்டு பக்கமும் வெனீர் எனும் மெல்லிய மரச்சீவல் தகட்டை ஒட்டிவிட்டால் என்னைத் தாங்கும். ஒரே நிபந்தனை, வெனீரில் மர நார் பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும். பாரம் ஏறும்போது இழுபடுவது அடிப்பக்கம். அங்கே இருக்கும் நார்தான் இழுத்துப் பிடிக்கும். குறுக்கே ஒட்டினால் வெறும் அழகுதான்.

வாங்க வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் இப்படி ஏறி நின்று காட்டுவேன். பட்டறையில் பலகை அழுத்தும் பிரஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கபூர் பாய் ஒருநாள் கேட்டார்:

"டெஸ்ட் பலகைக்கா சார், உங்க தைரியத்துக்கா?"

குட்டைத் துண்டுகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு, சுவரில் தலைக்கு மேலே பொருத்த, வெனீர் ஒட்டிய நாற்பது தட்டுகள் போயின. ஷூ தைக்கும் அச்சுகளை அவற்றில் அடுக்குவார்கள். நல்ல கனம். நேர் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பசை தடவுவார்கள்.

நாலு நாள் கழித்து, டீ குடிக்கும்போது, மூலையில் கிடந்த குட்டை வெனீர்க் கட்டு எங்கே என்று பாயிடம் கேட்டேன்.

"நீளம் பத்தல. ஆம்பூர் தட்டுல கொஞ்சத்துக்கு அடியில குறுக்க குறுக்க ஒட்டிட்டேன். அடியில யாரு பாக்கப்போறா?"

"எத்தனை பாய்?"

"ஏழோ எட்டோ. இன்னா சார் ஆச்சு?"

கத்திவிட்டேன். நார் ஏன் நீளவாக்கில் ஓட வேண்டும் என்று வாங்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிய நான், ஒட்டுகிறவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேஸ்ட்டு பண்ணாத, வேஸ்ட்டு பண்ணாதன்னு தெனம் நீங்கதானே சொல்றீங்க? வேஸ்ட்ட வச்சித்தானே சார் நம்ம பொழப்பே?"

மல்லாந்து படுத்து

அந்த ஷூ கம்பெனி லைன் சூப்பர்வைசர் செல்விக்குப் போன் செய்தேன். "சும்மா ஒரு செக்கிங் வர்றேம்மா" என்றுதான் வாயில் வந்தது. பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போதுதான் மனசில் அறைந்தது. அந்தப் பெண்களைத் தள்ளி உட்காரச் சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? என் பெயர் கெடுமே என்ற பயம், பலகை விழுமே என்ற பயத்தை முந்திக்கொண்டது. உடனே மறுபடி கூப்பிட்டேன். மெஷின் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டேன்.

கம்பெனிக்குள் ஓடியபோது எல்லாத் தட்டும் விழாமல்தான் நின்றுகொண்டிருந்தன. பெண்கள் எல்லாரும் அவற்றின் அடியில்தான் இருந்தார்கள். "எழுந்திரிங்கம்மா, எல்லாரும் தள்ளி வாங்க" என்று கத்தினேன். செல்வியிடம் மறைக்காமல் சொன்னேன். அச்சுகளை இறக்கினோம். தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். எட்டில் குறுக்கு நார். அதில் ஒன்று நடுவில் விரலளவு தொய்ந்து, மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது.

சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்க வந்தப்போ மேல்பக்கத்தத் தடவித் தடவிக் காட்டுனீங்களே. கீழ உக்கார்றது நாங்கதானே சார்?"

எட்டுத் தட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில்கூட, இலையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.