நாற்பத்தொன்றாம் சால்

ஏற்றமரத்தில் நடப்பது வேதாச்சலத்துக்கு வீட்டு முற்றத்தில் நடப்பது மாதிரி. கிணற்றின் மேல் நீண்டிருக்கும் அந்த ஒடுங்கிய மரத்தில் அவர் முன்னே நடந்தால், தண்ணீர் மொள்ளும் சால் உள்ளே இறங்கும். பின்னே நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். வாய் சால்களை எண்ணும் பாட்டைப் பாடிக்கொண்டே இருக்கும். நகரி ஆந்திராவோடு இருக்குமா, மதராஸோடு போகுமா என்று வழியில் போகிறவர்களோடு மரத்தின் மேலிருந்தே வாதாடுவார். கால் பிசகியதில்லை.

தை மாதம் இருபது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் அது மாறிப்போனது. தெரிந்தது அவர் மனைவி கன்னியம்மாளுக்கு மட்டும்தான். கிணற்று விளிம்பில் நின்று சாலின் கழியைப் பிடித்து, தண்ணீரைக் கால்வாயில் கவிழ்ப்பது அவள் வேலை. ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஏன் மாமா, செல்வி எந்தக் கெயம வரேன்னா?"

மகள் சொல்லியனுப்பிய கிழமையை அவர் யோசித்தார். பாட்டு நின்றது. தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. வலது பாதம் பாதி மரத்துக்கு வெளியே போனது. கீழே இருபதடி ஆழம், அடியில் பாறை. "வெள்ளிக்கெயம" என்று சொல்லிவிட்டுப் பாட்டை எடுத்த பிறகுதான் பாதம் மரத்துக்குத் திரும்பியது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் அவர் பின்கோடியில், தரையை ஒட்டினாற்போல் நிற்கும்போது பார்த்து இன்னொன்று கேட்டாள். அதே சாய்வு. பாட்டு யோசிக்காமல் வந்தது. பதில்தான் ஆளைத் தள்ளியது.

"நீ எறங்கிடு மாமா. வேற ஆளு ஏறட்டும்."

"அடி போடி! மீச மொளைக்காத நாள்லேர்ந்து ஏறிக்கினு கீறேன். நான் கெணத்துல உய மாட்டேன்."

அன்றிலிருந்து அவர் மரத்தில் இருக்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டாள். களை எடுக்கப் போன பாப்பாத்தி வரப்பில் நின்று, "இன்னா கன்னீம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா? மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற!" என்றாள். அவர் திருப்பி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று கன்னியம்மாள் பயந்தாள். கையாலேயே அவளை விரட்டினாள்.

ஆனால் அதிகாரிகளை விரட்ட முடியுமா? எல்லை விவகாரத்துக்காக ஊர் ஊராகப் பேரும் மொழியும் எழுதிக்கொண்டு வந்த ரங்கையா, ஒரு காலைப்பொழுதில் கிணற்றடிக்கே வந்துவிட்டார்.

"ஓய்! பேரேமி? இன்ட்லோ ஏ பாஷ மாட்லாடுதாரு?"

பேரையும் வீட்டில் பேசும் மொழியையும்தான் கேட்டார். வேதாச்சலம் அப்போது கிணற்றுக்கு நேர் மேலே இருந்தார். நாற்பத்தொன்றாம் சால் தண்ணீரில் முங்கி நிறைந்திருந்தது. அதிகாரிக்கு மரியாதையாக, தெலுங்கில் பதில் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினார். பாட்டு நின்றது. உடம்பு சாய்ந்தது. பாதம் வெளியே நகர்ந்தது.

கழியை விட்டு ஓடினால் மரம் துள்ளும். அவரை அதுவே தூக்கியடிக்கும். கத்தினால் திரும்பிப் பார்ப்பார். கன்னியம்மாள் கழியை விடவில்லை. பாட்டு அவர் பாடுவது. அவள் ஒரு நாளும் பாடியதில்லை. பாடினாள்.

"நாப்பதும் ஒண்ணும் நாத்தங்காலுக்கு..."

மறுபடி பாடினாள், இன்னும் உரக்க. அவர் உதடு அசைந்தது.

"நாப்பதும் ஒண்ணும்..."

பாதம் உள்ளே வந்தது. பாடிக்கொண்டே பின்னால் நடந்தார். சால் மேலே வந்தது.

"அவரு எறங்கட்டும் சாமி," என்றாள் ரங்கையாவிடம். சாலைக் கவிழ்த்தபோது பாதித் தண்ணீர் அவள் புடவையிலேயே கொட்டியது. "அதுவரைக்கும் எதையும் கேக்காதீங்க."

வேதாச்சலம் இறங்கிச் சிரித்தார். "இன்னாடி, என் பாட்ட நீ பாடுற?"

அவள் மரத்தைக் காட்டினாள். காய்ந்த மரத்தில் வேர்வையில் பதிந்த அவருடைய ஈரக்காலடிகள் வரிசையாக நடுவில் இருந்தன. கிணற்றுக்கு மேலே, மரத்தின் ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் பாதிதான் இருந்தது. விரல்கள் பதியவேயில்லை.

அவர் அதையே பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

ரங்கையா மறுபடியும் பேர் கேட்டார். வேதாச்சலம் தரையில்தான் நின்றிருந்தார். ஆனாலும் மரத்தைத் தாங்கும் ஏற்றக்காலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்ட பிறகே பதில் சொன்னார்.